எட்டாம் தூணும் பாலைத்துறைக் கடலும்

சென் ஓரான் ஊரின் கருங்கல் மாதா கோயிலுக்குள் கடல் வரத் தொடங்கியது ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அந்த நேரம் உள்ளே இருந்தது மெற்றில்டா ஒருத்திதான். அவளும் கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாக நின்றதால், நான்தான் வாளியைத் தட்டிவிட்டேனாக்கும் என்று முதலில் நினைத்தாள். வாளி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பீடத்துக்குப் பின்னால், கோயிலின் கிழக்கு முனையில் இருந்த அரைவட்ட மாடத்தின் தரைக்கல் இடுக்குகளிலிருந்து நீர் கசிந்து, ஒன்றோடொன்று கூடி, பீடத்தைச் சுற்றி வந்து, இரண்டு வரிசைத் தூண்களுக்கும் நடுவே அவசரமில்லாமல் மேற்கு வாசலை நோக்கி நடந்தது. வாசற்படியைத் தொட்டதும், அதற்கு மேல் தனக்கு அலுவல் இல்லை என்பதுபோல நின்றுகொண்டது. கணுக்கால் அளவு. மெற்றில்டா குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. பிறகு உடுப்பின் நுனியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றாள். பெருகி வருகிற தண்ணீரைக் கூட்டித் தள்ளுவது வீண்வேலை என்பது அவள் பிறந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

சென் ஓரானிலிருந்து மிகக் கிட்டின கடலுக்குக் காரில் போனால் ஐந்து மணித்தியாலம். நடுப் பிரான்சின் மலைகளுக்குள், எப்போதோ நெருப்புக் கக்கி ஓய்ந்துபோன குன்றுகளின் மடியில் கிடக்கிற ஊர் அது. அந்தக் குன்றுகள் கக்கிய நெருப்பு ஆறி இறுகிய கருங்கல்லை வெட்டித்தான் தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த கொத்தர்கள் அந்தக் கோயிலைக் கட்டினார்கள். கூரையும் கல்லாலேயே வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். கல்லுக்கூரை தன் பாரத்தால் சுவர்களை வெளியே தள்ளும் என்றும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அகலத்துக்குச் சுவரை எழுப்பி, அந்தச் சுவர் பலம் இழக்கக்கூடாதே என்று ஒரு கை வெளிச்சம் மட்டும் நுழையும்படி ஒடுங்கிய சாளரம் வைத்து, முளையடித்துக் கயிறு கட்டிச் சுற்றிக் கீறியதுபோன்ற அரைவட்ட வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நடுவில் இருட்டைக் குடியேற்றிவிட்டுப் போனார்கள். முதல்முதலாக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தபோது மெற்றில்டாவுக்குக் கண் கலங்கியது. வேறொன்றுமில்லை, கரையில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்குக் கீழே வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்தால் மேலே தெரிவது அதுதான், அதே வளைவு, அதே குளிர்ச்சி.

அவள் யாழ்ப்பாணத்துக் களப்புக் கரையில் இருந்த பாலைத்துறைக்காரி. பாரிசில் ஒன்பது வருசம் ஹோட்டல் அறைகள் துடைத்துவிட்டு, முதியோர் இல்லத்தில் வேலை என்று இந்த மலைக்கு வந்தவள். கோயில் பூட்டின் திறப்பை வைத்திருந்த மனிதர் செத்துப்போனபோது, கோயிலுக்கு நேர் எதிரே குடியிருந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, முழங்கை நீளமுள்ள அந்த இரும்புத் திறப்பை மேயர் ஒடீல் அவளிடம் கொடுத்தாள். அன்றுமுதல் அவள் கோயிலைத் திறந்தாள், கூட்டினாள், பூட்டினாள். பாலைத்துறைக் கோயிலில் செய்ததுபோலவே சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போனாள். ஊரார் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் பிரெஞ்சில் சொல்வதெல்லாம் அவள் காதில் எப்படியோ பாலைத்துறைப் பேச்சாகத்தான் விழும்.

"மதாம் மெற்றில்டா, எங்கட கல்லு உங்கட காலுக்குக் குளிரேல்லையோ?" என்பார் சந்தியில் கோப்பிக்கடை வைத்திருந்த லூசியன்.

"குளிருது. ஆனா கல்லுக்கு நோகாது," என்பாள் அவள்.

கோயிலில் எட்டுத் தூண்கள். ஏழு தூண்களின் தலைக்கற்களில் கொத்தர்கள் சிற்பம் செதுக்கியிருந்தார்கள்: ஆட்டைத் தோளில் சுமக்கிற இடையன், சிங்கத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதன், ஒரே கிண்ணத்தில் குடிக்கிற இரண்டு பறவை, கடலை ஒருநாளும் கண்டிராத யாரோ ஒருவன் கேள்விப்பட்டதை வைத்துச் செதுக்கிய இரட்டைவால் கடற்கன்னி. எட்டாம் தூணின் தலைக்கல் வெறும் கட்டையாக இருந்தது. அதைச் செதுக்க வேண்டியவன் வேலை நடுவில் யாத்திரை போனானாம், ஸ்பெயின் பக்கமாக, ஓர் அப்போஸ்தலரின் கல்லறைக்கு, திரும்பி வரவில்லை. மற்றக் கொத்தர்கள் அவன் கல்லில் உளி வைக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கொத்தனும் தான் வெட்டிய கல்லில் தன் குறியைக் கொத்தி வைப்பான். போனவனின் குறி, அம்புமுனைபோன்ற ஒன்று, வடக்குச் சுவரில் ஆள் உயரம் வரைக்கும் வந்து அங்கே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு யுத்தம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, மணிக்கோபுரம் ஒருதரம் விழுந்து எழும்பியது, புரட்சிக்காரர் கோயிலை வைக்கோல் களஞ்சியம் ஆக்கினார்கள், எவரும் அந்தக் கல்லைத் தொடவில்லை. அவன் வந்து செதுக்குவான் என்று விட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை முதலில் கேட்டபோது மெற்றில்டா ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தக் கொத்தனுக்குப் பெண்சாதி இருந்தவளோ?"

லூசியன் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினார். தொள்ளாயிரம் வருசமாக அந்த ஊரில் அதை யாரும் கேட்டதில்லை.

கடல் வந்த செய்தியை ஊர் நன்றாகவே ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் குழாய் வெடித்தது என்றார்கள். இரண்டாம் வாரம் குழாய்க்காரன் வந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, இது தன் இலாகா இல்லை என்று போனான். மூன்றாம் வாரம் ஒருநாளைக்கு இரண்டுதரம் தண்ணீர் வருவதும் போவதும் ஊருக்குப் பழகிவிட்டது. உட்காருகிற வாங்குகளுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். லூசியன் மேற்கே பிரெத்தான் கடற்கரையிலிருந்து கடல்பெருக்கு நேரங்கள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றைத் தருவித்துக் கோயில் கதவில் ஆணியடித்து மாட்டினார். அந்தப் புத்தகத்தில் பெருக்கு என்றால் இரண்டு ஆள் உயரம் என்று போட்டிருந்தபடியால், ஆறு பேர் சேர்ந்து மாதாவின் மரச்சுரூபத்தைத் தோளில் சுமந்து பாடகர் மேல்மாடத்துக்கு ஏற்றிவிட்டு, மலைச்சரிவில் நின்றுகொண்டு காத்திருந்தார்கள். முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. புத்தகத்தின் நேரமும் பொருந்தவில்லை. லூசியன் அச்சுக்காரரைத் திட்டிக் கடிதம் எழுதினார். மாதாவைத் திரும்ப இறக்க ஆறு பேர் கிடைக்காததால் அவர் மேலேயே இருந்துகொண்டார்.

இருபத்திரண்டு ஊருக்கு ஒரே குருவாக இருந்த ஃபாதர் அனிசே மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்கு வருவார். பெனின் நாட்டுக்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர். காற்சட்டையை மடித்து, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி பீடத்துக்கு நடந்துபோய், திரும்பி, நிரம்பி வழிந்த கோயிலைப் பார்த்தார். முன்பெல்லாம் பதினொரு பேர் வருவார்கள்.

"ஆண்டவருக்கு விளங்கிட்டுது," என்றார். "மலை ஏறி நீங்க வரமாட்டியள் எண்டு கடலை அனுப்பியிருக்கிறார்."

எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள், வேறு வழியில்லை. முப்பது சோடி, நாற்பது சோடி, கோயில் வாசலில் வரிசையாக. கல்யாணம் பேசினவர்கள் பெருக்கு நேரம் பார்த்து நாள் குறித்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து சக்கரக் கதிரையில் வந்தவர்கள் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவரவருக்கு நினைக்க ஏதோ இருந்தது.

மெற்றில்டாவுக்கு மட்டும் அது எந்தக் கடல் என்று ஐந்தாம் நாளே தெரியும். தண்ணீரோடு வந்து தூணடியில் ஒதுங்கிய சாதாழைக் கடற்புல்லைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். பாலைத்துறையில் இருந்த புருசனின் தமக்கை றீற்றாதான் மறுமுனையில்.

"மச்சாள், அங்க இப்ப கடல் எப்பிடி?"

"உதென்ன கேள்வி? கடல் கடலாட்டம் கிடக்கு."

"பெருக்கோ, வத்தோ?"

"பொறு, எட்டிப் பாக்கிறன்." செருப்பு இழுபடும் சத்தம். "பெருகி நிக்குது. கரையில கிறிசாந்தின்ர மீன்வாடிப் படி நனையுது. ஏன், பிரான்சில இருந்து றால் பிடிக்கப் போறியோ?"

"இஞ்ச கோயிலுக்குள்ள வந்து நிக்குது மச்சாள்."

மறுமுனையில் செருப்பு மறுபடியும் இழுபட்டது. பிறகு, "தண்ணி தெளிவோ, கலங்கலோ?" என்று கேட்டாள்.

"கலங்கல்."

"அப்ப எங்கடதான். நேற்று இஞ்ச நல்ல மழை."

அதற்குப் பிறகு நாள்தோறும் அவள் எடுத்துக் கேட்டாள், நாள்தோறும் றீற்றா எட்டிப் பார்த்துச் சொன்னாள், ஒரு நிமிசம்கூடப் பிசகவில்லை. அங்கே பெருகும்போது இங்கே பெருகியது, அங்கே வற்றும்போது இங்கே வற்றியது. ஆழமில்லாத களப்புக்கடல் என்றபடியால்தான் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. ஊராருக்கு அவள் இதைச் சொல்லவில்லை. ஏன் வருகிறது என்றும் சொல்ல வேண்டி வரும் என்று பயந்தாள்.

அவள் புருசன் பொனிப்பாஸ் கடலுக்குப் போய் இருபத்தேழு வருசம். கல்யாணம் கட்டிப் பதினோராம் மாதம், விடியப்புறம், வள்ளத்துக்குள் செருப்போடு ஏறுகிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லாதபடியால், இடது வார் அறுந்து நீல வலைநூலால் தைத்திருந்த றப்பர் செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டுப் போனான். கடலுக்குப் போனவனின் செருப்பை வீட்டார் எடுக்கமாட்டார்கள்; கரைக்கு வந்தால் அவனுக்குப் போட வேண்டுமே. மெற்றில்டாவும் எடுக்கவில்லை. அவள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோதும் அது அங்கேயே கிடந்தது. பிறகு வந்த ஒரு புயல் கொண்டுபோனதாக றீற்றா எழுதியிருந்தாள்.

பாலைத்துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடலில் காணாமற் போனவனுக்கு, அவன் பெண்சாதி வாய்திறந்து பெயர் கொடுக்கும்வரை, பங்குச் சுவாமியார் இறந்தோர் பூசை வைக்கமாட்டார். தாய் கொடுக்க முடியாது, கூடப்பிறந்தவர் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்காதவரைக்கும் அவன் கடலில் தொழிலில் நிற்கிறான் என்பதுதான் ஊரின் பேச்சு. திருநாளன்று தொழிலாளருக்காக வேண்டும்போது அவன் பெயரும் அதில் வாசிக்கப்படும். மெற்றில்டா கொடுக்கவில்லை. இருபத்தேழு திருநாளுக்கும் பொனிப்பாசின் பெயர் உயிரோடு இருக்கிறவர்களுடைய பெயர்களுக்கு நடுவில் வாசிக்கப்பட்டது. அவள் கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது. அந்தப் பெயரைத் தன் வாயால் எடுத்துக் கொடுத்தால் தானே அவனைத் தண்ணீருக்குள் பிடித்து அமுக்கியது மாதிரி என்று அவள் நினைத்திருந்தாள்.

"பெயரைக் குடு மெற்றில்டா," என்று றீற்றா வருசத்தில் ஒருதரம் கேட்பாள். "அம்மாவும் கேட்டுக்கேட்டே கண்ணை மூடிட்டா. எனக்கும் முட்டுக்கால் ஏலாது. அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த விடு."

"வருவார் மச்சாள்."

"வந்தா நான்தான் முதல் அடி போடுவன்," என்பாள் றீற்றா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தில் அழுவார்கள்.

ஆகவே கடல் கோயிலுக்குள் வரத் தொடங்கியபோது, அது எதற்காக வருகிறது என்பதில் மெற்றில்டாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவனைக் கொண்டுவரத்தான். பெருக்கு நேரம் பார்த்து இல்லத்தில் வேலையை மாற்றிக்கொண்டு, எட்டாம் தூணில் முதுகைச் சாய்த்து, கிழக்கைப் பார்த்தபடி நின்றாள். ஏப்ரலில் பனையோலைத் துண்டு ஒன்று வந்தது. மே மாதம் ஒரு நண்டு வந்து பீடத்தடியில் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனது. யூனில் தமிழ் எழுத்துப் போட்ட பிஸ்கற் பைக்கற் ஒன்று வந்தது, லூசியன் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். ஒவ்வொன்றும் அவளுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறான் என்றே சொன்னது.

ஆனால் கல் தாங்கவில்லை. கோடை பிறந்ததும் உப்பு தூண்களுக்குள் ஏறியது. வற்றின நேரம் கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்தது, பூத்த இடம் பொரிந்தது, பொரிந்தது உதிர்ந்தது. முதலில் கடற்கன்னியின் முகம் போனது. கடலைக் காணாமல் தொள்ளாயிரம் வருசம் இருந்தவள் கண்டதும் ஆறு மாதத்தில் கரைந்தாள். பிறகு இடையனின் ஆடு. வடக்குச் சுவரில் போனவனின் அம்புமுனைக் குறிகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மாவாகிக் கொட்டின, மெற்றில்டா தும்புத்தடியால் அவற்றைக் கூட்டி அள்ளினாள். அள்ளும்போது கை கூசியது. ஒரு பெண்சாதிக்கு மிஞ்சியது இது மட்டுமாக இருந்திருந்தால்?

செப்டெம்பரில் பழங்கட்டிடங்களைப் பார்க்கிற காரியாலயத்திலிருந்து ஒருவர் வந்து, சுண்டிப் பார்த்து, தட்டிக் கேட்டு, பொதுமண்டபத்தில் ஊரைக் கூட்டிப் பேசினார். எட்டாம் தூண்தான் மோசம். அது இறங்கினால் கூரை இறங்கும். கிழக்கு மாடத்துக்குக் கீழே சீமெந்தை ஊசிபோல ஏற்றி அடைத்துவிட வேண்டும்.

லூசியன் எழும்பினார். "ஐயா, எனக்கு எழுபத்தொரு வயசு. கடல் பாக்க ஐஞ்சு மணித்தியாலம் ஓடக் கண் தெரியாது. அது என்னைப் பாக்க வந்திருக்கு. வந்த விருந்தாளின்ர வாயில சீமெந்தை ஊத்தச் சொல்லுறியளோ?"

"கடல் என்ர இலாகா இல்லை. கல்லுத்தான்," என்றார் வந்தவர்.

"ஒன்று கடல், இல்லாட்டிக் கோயில்," என்றாள் மேயர் ஒடீல். "ரெண்டையும் வைச்சிருக்க எங்களால ஏலாது லூசியன். எட்டாம் கல்லை யாரோ எங்கள நம்பி விட்டிட்டுப் போனவங்கள்."

கை தூக்கினார்கள். நாலு கை வித்தியாசத்தில் சீமெந்து வென்றது. ஒக்ரோபர் முதல் வாரத்தில் வேலை. மெற்றில்டா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அவளுக்கு இருந்தது பத்து நாள். இருபது பெருக்கு.

பத்தொன்பது பெருக்குக்கும் போய் நின்றாள். பதினெட்டும் வெறுங்கையோடு வந்து போயின. பத்தொன்பதாவது பெருக்கு, வேலை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை இரவு, பீடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கட்டை தூண்களில் முட்டி முட்டி, ஆடி ஆடி, அவள் காலில் வந்து இடித்து நின்றது.

வலையின் மிதப்பு. பாலைத்துறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மிதப்பில் போட ஒரு குறி உண்டு, எங்கே ஒதுங்கினாலும் யாருடையது என்று தெரிய. ஒரு நெடுங்கோடு, அதை வெட்டுகிற இரண்டு குறுக்குக்கோடு: பொனிப்பாஸ் வீட்டுக் குறி. ஆண் கல்யாணம் கட்டினால், வந்தவள் கம்பியைக் காய்ச்சி அந்தக் குறிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பாள். மெற்றில்டா வைத்தபோது பொனிப்பாஸ் பின்னால் நின்று ஏதோ பகிடி சொல்லிச் சிரிக்கவைத்தான், கை நழுவியது, பொட்டு அரிசிமணிபோல நீண்டுவிட்டது. இருக்கிற எல்லா மிதப்பிலும் அப்படியே வை, ஒன்று மட்டும் கோணலென்றால் அதுக்கு வெட்கமாயிருக்கும் என்றான். நாற்பது மிதப்பிலும் அரிசிமணி வைத்தாள்.

அரிசிமணியைத் தடவிப் பார்த்தாள். மிதப்பில் கட்டியிருந்த கயிற்றின் துண்டு விரல் பட்டதும் இழையிழையாகக் கரைந்துபோனது. வலை இற்றால்தான் மிதப்புத் தனியே வரும். வலை இற்றுப்போய் எத்தனையோ வருசம் என்று தொழில்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். வாங்கில் அல்ல, தரையில், நெஞ்சுவரை தண்ணீரில், மிதப்பை மடியில் வைத்தபடி. மேலே வெறும் தலைக்கல் இருந்தது. கொத்தனுடைய தோழர்கள் அன்பினால்தான் அதை விட்டுவைத்தார்கள். அந்த அன்பினால்தான் தொள்ளாயிரம் வருசமாக அவனுக்கு வேலை முடியவில்லை.

தொலைபேசியில் றீற்றா, "என்னடி, குரல் ஒருமாதிரிக் கிடக்கு?" என்றாள்.

"மிதப்பு வந்திட்டுது மச்சாள். அரிசிப்பொட்டு."

"யேசுவே," என்றாள் றீற்றா.

"நான் பெயரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்தாளை உயிரோட வைச்சிருக்கிறதெண்டு நினைச்சன்," என்றாள் மெற்றில்டா. "வலையுமில்லாம, வள்ளமுமில்லாம, இருபத்தேழு வருசம் தொழிலில நிக்க விட்டிருக்கிறன். கரைக்கு வா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை மச்சாள். நான்தானே சொல்லவேணும்."

"களைச்சுப் போயிருப்பான்," என்றாள் றீற்றா. "கூப்பிடடி என்ர தம்பியை."

அடுத்தநாள் ஃபாதர் அனிசே வருகிற ஞாயிறு. சுவாமியார் உடுப்பு மாற்றுகிற அறையில் ஈரம் காயாத மிதப்போடு போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள், கடல் யாருடையது என்பதையும். அவர் நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு நின்றபடியே கேட்டார்.

"பெயரைக் குடுத்தால் கடல் போயிடும் எண்டு நினைக்கிறியளோ?"

"தெரியேல்லை சுவாமி."

"கோயில் மிஞ்சட்டும் எண்டு குடுக்கிறியளோ?"

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை. அந்தாள் கரைக்கு வரட்டும் எண்டு."

"எங்கட ஊரிலயும் கடலுக்குப் போனவங்கள் இருக்கினம்," என்றார் அவர் மெதுவாக. பிறகு பேனாவை எடுத்தார். "சொல்லுங்கோ."

அவள் வாய் திறந்தாள். இருபத்தேழு வருசமாகத் தனியறையில்கூட உரக்கச் சொல்லாத பெயரை ஓர் எழுத்தும் விடாமல் சொன்னாள்.

அன்று பறுவம், முழுநிலவு நாள், இருபதாவது பெருக்கு, முழங்கால் அளவுத் தண்ணீர். கடைசித் தண்ணீர் என்று ஊர் முழுக்க வந்திருந்தது. வாசலில் சப்பாத்துகள் படியிறங்கித் தெருவரைக்கும் போயின. வாங்குகள் போதாமல் ஆட்கள் நின்றார்கள், குழந்தைகள் தோளில், முதியோர் இல்லத்துச் சக்கரக் கதிரைகள் பக்கச் சுவரோரம். ஃபாதர் அனிசே கதையைச் சுருக்கமாகச் சொன்னார். யாரும் வியக்கவில்லை. லூசியன் மட்டும் திரும்பி, தன் பிரெத்தான் புத்தகத்தை நினைத்து வெட்கப்பட்டவராக, "அதுதானே பாத்தன்," என்று முணுமுணுத்தார்.

இறந்தோருக்காக வேண்டுகிற இடம் வந்தது. "சவிரியான் பொனிப்பாஸ்," என்று வாசித்தார் சுவாமியார். தகப்பன் பெயர் அவர் நாக்கில் கொஞ்சம் உடைந்தது. அவன் பெயர் அந்த நாட்டிலும் ஒரு புனிதரின் பெயர் என்றபடியால் சுத்தமாக வந்தது, கருங்கல் வளைவுகளில் ஏறி, வளைவுக்கு வளைவு தாவி, கிழக்கு மாடத்தில் முட்டி, திரும்பி வந்தது.

நடுப்பெருக்கில் எந்தக் கடலும் செய்யாத ஒன்றை அப்போது தண்ணீர் செய்தது. திரும்பியது. கெண்டைக்காலின் பின்பக்கம் மெல்ல இழுபடுவதை எல்லோரும் உணர்ந்தார்கள், யாரோ விடைபெறும்போது உடுப்பைத் தொட்டுவிட்டுப் போவதுபோல. முழங்காலிலிருந்து கெண்டைக்கு, கெண்டையிலிருந்து கணுக்காலுக்கு, பிறகு விரல்களுக்கு நடுவில், பிறகு கல்லிடுக்கில் ஒரு மினுக்கம், பிறகு அதுவுமில்லை.

"போட்டுது," என்றார் லூசியன், கைக்குட்டையைத் தேடியபடி. மெற்றில்டா பயந்தாள், அவர் தன்னைக் குறை சொல்லுவாரென்று. அவர் அவள் தோளில் கையை வைத்து, "நல்ல மனுசனாக்கும். ஊருக்கு முன்னால கடலையும் விட்டிட்டுத்தானே நிண்டவர்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனாலும் அது ஆறுதலாக இருந்தது.

பின்னர் சீமெந்து வேண்டியிருக்கவில்லை. எட்டாம் தூணுக்கு இரும்புப் பட்டி போட்டார்கள், தூண் நின்றது. கடற்கன்னிக்கு முகம் திரும்ப வரவில்லை. சென் ஓரான்காரர் மட்டும் இன்றைக்கும் காய்ந்த தரையில் கால்வைக்க வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறார்கள். வெளியூர்க்காரர் ஏனென்று கேட்டால், கல்லுக்கு நோகாமல் என்கிறார்கள். தலைக்கல் செதுக்கப்படாமலே இருக்கிறது. ஆனால் வருசத்தில் ஒரு ஞாயிறு, பெயர் தெரியாத அந்தக் கொத்தனுக்காகவும் சுவாமியார் வேண்டுகிறார், வேலை போதும் வா என்று.

அதெல்லாம் பின்னர். அந்த ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஈரக்காலைத் துடைத்துத் துடைத்துச் சப்பாத்துகளுக்குள் நுழைத்தார்கள். நாற்பது, ஐம்பது, எழுபது சோடி கலைந்து வீட்டுக்குப் போயின. மெற்றில்டா மெழுகுதிரிகளை அணைத்துவிட்டுக் கடைசியாக வந்தாள்.

"மதாம் மெற்றில்டா," லூசியன் இன்னும் போகவில்லை. "உதை ஆர் விட்டிட்டுப் போனது? இந்தக் குளிருக்கு?"

அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, ஒரு சோடி றப்பர் செருப்பு கிடந்தது. ஆண் செருப்பு. நனைந்திருந்தது. குதிப் பள்ளத்தில் வெள்ளை மணல், உடைந்த சிப்பி கலந்த மணல், அந்த மலைநாட்டில் எங்கேயும் இல்லாத மணல். இடது வாரை நீல நூலால் தைத்திருந்தது.

செருப்பு வாசலைப் பார்த்தபடி, உள்ளே போனவன் கழற்றிய திசையில் கிடந்தது. மெற்றில்டா திரும்பி உள்ளே பார்த்தாள். எட்டுத் தூண், அவற்றுக்குப் பின்னால் தொள்ளாயிரம் வருசத்து இருட்டு. குனிந்தாள். இரண்டு செருப்பையும் எடுத்து, வெளியே வருகிறவன் காலை நேராக நுழைக்கத் தோதாக, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்த வீட்டுக்குப் போனாள்.

திறப்பு கைப்பைக்குள் கனத்தது. பூட்டவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது அவள் ஒருநாளும் கோயிலைப் பூட்டியதில்லை.